வேலை தெரிந்த ஒருவன்

லோகேஷும் நானும் ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் வருவோம், இன்ஸ்பெக்டர் மேடம். குன்றத்தூரில் நான் ஏறும்போது ஜன்னலோர சீட்டை விட்டுத் தருவான். அவன்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி, கார் பாகங்களைக் கழுவும் திரவம் தயாரிக்கிறது. அதற்கு இரண்டு ரசாயனங்களைக் கலக்கும்போது சூடு தாறுமாறாக ஏறும். பாதி ஊற்றி நிறுத்த வேண்டும். சூடு ஏறும் முன்பே குளிர்நீரைத் திறக்க வேண்டும். மீதி அப்புறம்தான். இந்த வழி என் கண்டுபிடிப்பு. காப்புரிமை கேட்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் லேப் மேனேஜர் வெங்கடேசன்.

"இதுல இன்னாம்மா புதுசு? வேலை தெரிஞ்ச எவனும் இதைத்தான் செய்வான்," என்றார். எல்லோர் முன்னாலும் சிரித்தார். "ஃபர்ஸ்ட் கிராஜுவேட்டுங்களுக்கு வெந்நீர் வெச்சாகூட கண்டுபிடிப்புதான்."

எங்கள் தெருவிலேயே காலேஜுக்குப் போனவள் நான் ஒருத்திதான். கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் எதையும் செய்யவில்லை. அவர் சொன்னதைச் சோதித்தேன், அவ்வளவுதான்.

என் வழியைப் படித்தவரைச் சோதித்துப் பயனில்லை. படிக்காத, ஆனால் வேலை தெரிந்த ஆள் வேண்டும். லோகேஷ் வேறு கம்பெனியிலிருந்து புதிதாக வந்த கெமிஸ்ட். என்ன கலக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். குளிர்நீர் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே துப்பாகிவிடும். அதனால் வால்வை மூடி, கைப்பிடியைக் கழற்றி என் கோட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். துப்புக் கொடுத்துவிட்டுச் சோதிப்பது மோசடி.

கலக்கும் அறைக்கு வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அவன் பாதி ஊற்றினான். நிறுத்தினான்.

"அக்கா, சூடு ஏறர்துக்குள்ள கூலிங்கைத் தொறந்துடலாமா?"

பாக்கெட்டுக்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"கைப்பிடி எங்கக்கா? வெளாடாதக்கா."

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பிறகு சூடு காட்டும் மீட்டரைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. கதவுக்கு ஓடியிருக்கலாம். ஓடாமல் வெறுங்கையால் வால்வைத் திருகப் பார்த்தான்.

அப்போதும் கைப்பிடியைக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் வெங்கடேசன் சார் சொன்னது சரி என்றாகியிருக்கும். ஊற்றிய பாதியே போதுமாக இருந்தது. கலனின் மூடி பறந்தது. லோகேஷ் பிழைக்கவில்லை.

ஆமாம், மேடம், நான்தான் செய்தேன். ஆனால் லோகேஷுக்கு என் வழி தெரிந்திருந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் குளிர்நீரைக் கேட்டான். கேட்பது வேறு, செய்வது வேறு.

அவன் செய்யவில்லை.