வடிகாலில் கல் போட்டது நானே

என் பெயரும் முகவரியும் சனிக்கிழமை இந்தக் காவல் நிலையத்தில் நான் கொடுத்த புகாரில் கண்டபடியே. வயது 56. தையற்கடை வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் தினமும் காலையில் பூங்காவின் மலைத்தடத்தில் நடப்போம். அந்தத் தடம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் பொதுவானது. சைக்கிள்காரர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர்கள்மேல் பூங்கா அலுவலகத்தில் மூன்று மனுக்கள் கொடுத்தவள் நான்.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பன்னிரண்டு பேர் மண்வெட்டியும் கடப்பாரையுமாகத் தடத்தைச் சீர்செய்தார்கள். கூலி கிடையாது. மழைநீர் வெளியேறத் தடத்தின் குறுக்கே சாய்வாக வடிகால் வெட்டினார்கள். வெட்டியதும் மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, பன்னிரண்டு பேரும் குனிந்து அது போகும் வழியைப் பார்த்தார்கள். கொஞ்சம் விலகிப் போனது. மறுபடி வெட்டினார்கள். வேலை முடிந்ததும், மண் இறுகும்வரை அதன்மேல் ஓட்டக்கூடாதென்று சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அன்றே எனக்கு அது பிடித்திருந்தது. ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

அதன் பிறகு கணவரின் கால் அந்த வடிகாலில் இருமுறை இடறியது. ஆகவே கடந்த செவ்வாய்க்கிழமை நானே அதில் கற்களைப் போட்டு நிரப்பினேன். அப்போது அவர்களின் தலைவர் வந்தார். லிப்ட் மெக்கானிக். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவே மாட்டாராம், அதனால் எல்லோருக்கும் அவர் ‘பிரேக்’. "அக்கா, அது தண்ணி போற வழி. அடைச்சீங்கன்னா தடமே அரிச்சுடும்" என்றார். "எங்க வீட்டுக்காரர் கால் போச்சுன்னா நீ குடுப்பியா?" என்று கேட்டேன். அவர் கற்களை எடுத்துவிட்டுப் போனார். மறுநாளும் நான் அடைத்தேன், அவர் எடுத்தார். வியாழக்கிழமை பெரிய கற்களாகப் பார்த்துப் போட்டு, யாருக்கும் தெரியாதபடி மேலே மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தேன்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. சனிக்கிழமை காலை, அந்த இடத்துக்குக் கீழே உள்ள வளைவில் தடத்தின் ஓரம் இடிந்து, கணவர் சரிந்து விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. என் சத்தம் கேட்டு, கீழே வேலையில் இருந்த பிரேக்கும் ஐந்து பேரும் ஓடிவந்தார்கள். இரண்டு நீளக் கடப்பாரைகளில் மழைக்கோட்டுகளை மாட்டி அவரைக் கிடத்தித் தூக்கினார்கள். பூங்கா வாசல்வரை ஒருமுறைகூடக் கீழே வைக்காமல், நடந்தபடியே தோள் மாற்றினார்கள். "நான் ஓட்டுன பஸ்ல கூட இவ்வளவு குலுங்காம யாரும் போனதில்ல" என்றார் கணவர். அந்த வலியிலும் அவருக்குக் கிண்டல்.

அதன் பிறகும், அவர்கள் வெட்டிய பள்ளமே காரணம் என்று நான் புகார் கொடுத்தேன். பிரேக்கை நிலையத்துக்கு வரவழைத்தார்கள். என் எதிரிலேயே அதிகாரி கேட்டபோது, "ஆமா சார், நாங்க வெட்டினதுதான்" என்றார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் கல் போட்ட பேச்சையே எடுக்கவில்லை. அவர்மேல் வழக்கு வரும் என்றார்கள். பூங்கா அலுவலகம் அவர்கள் எல்லோரையும் தடத்துக்கு வரக்கூடாதென்று நிறுத்தியது. வெளியே வந்ததும், "நான் கல்லு போட்டதைப் பார்த்தீங்கல்ல, ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "அண்ணன் ஆஸ்பத்திரியில கெடக்கார். இப்பப் போய் உங்கமேல சொல்றதாக்கா?" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது.

இன்று காலை ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். அவர்கள் செய்தது போலவே மேலே தண்ணீரை ஊற்றினேன். அது நான் போட்ட கற்கள்வரை வந்தது. அங்கே திரும்பி, நேராகக் கணவர் விழுந்த ஓரத்துக்குப் போனது. அதன் பிறகு கற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மறுபடி ஊற்றினேன். தண்ணீர் அவர்கள் வெட்டிய வழியே ஒழுங்காக வெளியேறியது. கற்கள் பதினான்கு. வாளியோடு இங்கே கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன்.

என் சனிக்கிழமைப் புகார் தவறு. பிரேக்மேல் குற்றம் இல்லை. அவர்களைத் தடத்தில் மறுபடி வேலை செய்ய விடவேண்டும். இந்தக் கடைசி வரி வழக்குக்குத் தேவையில்லை என்றார் நான் சொல்லச் சொல்ல இதை எழுதிய காவலர். அது இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். எழுதியிருக்கிறார். வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே எல்லாம் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)