நாற்பது முறை உடைந்த மிஷின்

பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தொழிற்சாலைச் சட்டை போட்ட இருவர். நரைத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஒரே வாரத்துல நாப்பது தடவை மிஷினை உடைச்சேன்பா."

"ஐயோ! யாரும் ஒண்ணும் சொல்லலையாண்ணா?"

"நிஜ மிஷின் இல்லப்பா. கம்ப்யூட்டர்ல ஒரு சிடி போட்டுவிட்டாங்க. அதுல அப்படியே நம்ம புது மிஷின் ஓடுது. தப்பான பட்டன் அமுக்கினா இரும்பை வெட்டுற டூல் உடையும், ஏன் உடைஞ்சதுன்னு படமாவே காட்டும். ரெண்டு மாசம் புஸ்தகத்தைப் புரட்டியும் மண்டையில ஏறாதது, இதுல ஏறிடுச்சு."

"நேத்து டெஸ்ட் என்னாச்சு? புது மிஷின் ஓட்டத் தெரியலேன்னா வேலை இல்லன்னாங்களே?"

"நிஜ மிஷின்ல ஓட்டினேன். பாஸ். இனி வேலைக்குப் பயமில்ல."

"வீட்ல அண்ணிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். வேலை போனா ஊருக்கே போயிடலாம்னு கட்டி வெச்சிருந்த பெட்டியைத் திறந்து, துணியெல்லாம் திரும்ப பீரோவுல அடுக்க ஆரம்பிச்சுட்டா."