சின்னான் நினைவுக் கோப்பை

கால்பந்துப் போட்டி நடத்த வேண்டுமென்றால் செத்துப்போன ஆள் ஒருவர் வேண்டும். கோயமுத்தூர்ப் பக்கம் பந்தாடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோட்டீசில் யாராவது ஒருவர் பெயரைப் போட்டு ‘நினைவுக் கோப்பை’ என்று இருந்தால்தான் நாலு ஊர் டீம் வரும். கோப்பை வாங்கித் தரவும் ஆள் கிடைக்கும்.

எங்கள் கணபதி மின்னல் கால்பந்துக் கழகத்துக்கு 2008இல் அந்தக் குறை இருந்தது. ஆரம்பித்து இருபத்து மூன்று வருடமாகியும் ஒருவர்கூடச் சாகவில்லை. சர்க்கரையையும் பிரஷரையும் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் குத்துக்கல்லாட்டம் இருந்தார்கள். செயலாளர் என்ற முறையில் நான் யாரையும் குறை சொல்லவில்லை.

போன மாதம் கிளப்பின் வரலாற்றை மலருக்கு எழுதித் தரச் சொன்னீர்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னீர்கள். இப்போது, சின்னான் விஷயம் எப்படி நடந்தது என்று எழுது, எத்தனை பக்கமானாலும் பரவாயில்லை என்கிறீர்கள். கமிட்டி கேட்டால் காளிச்சாமி மறுத்ததில்லை. எழுதுகிறேன்.

சின்னானைப் பற்றி மூத்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவனைப் போல இடது காலால் அடிக்கிறவன் இந்த வட்டாரத்தில் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. அவனுடைய அப்பன் எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர். மைதானத்தில் அவன் அடித்த பந்து வேலி தாண்டினால் ஓடிப்போய் எடுத்து வருவது என் வேலை. பதினைந்து பேர் கொண்ட டீமில் நான் பதினைந்தாவது ஆள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. எப்படியும் கேட்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1994 ஃபைனலில் கடைசி நிமிடம் ஒரு பெனால்டி கிடைத்தது. சின்னான் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே போய், வெளியே டீக்கடை பாய்லரில் விழுந்தது. டீக்கடைக்காரர் பந்தைத் திருப்பித் தரவில்லை. அன்றைக்கு முகமது ரியாஸ்தான் கேப்டன், இன்றைய தலைவர். எல்லார் முன்னாலும் சின்னானைப் பார்த்து, “இனி இந்த கிரவுண்டுப் பக்கம் உன்ற மூஞ்சியவே காட்டாத” என்று சொல்லிவிட்டார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ரோசக்காரன் சின்னான், மறு வாரமே மனைவியின் ஊரான பவானிக்குப் போய் பஞ்சர் கடை வைத்துக்கொண்டான். கிளப்பும் இரண்டாகப் பிரிந்தது. ரியாஸ் பக்கம் கொஞ்சம் பேர், சின்னான் பக்கம் கொஞ்சம் பேர். பதினான்கு வருடம் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோல் போஸ்ட்டுக்குப் பெயிண்ட் அடிக்கக்கூட ஆள் சேராது. நான் ஒருவனாக இரண்டு கம்பத்துக்கும் அடிப்பேன்.

2008இல் கணபதிக்காரரான ஒரு பஸ் கண்டக்டர், “பவானி பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடைக்காரர் லாரியில அடிபட்டுப் போயிட்டாருங்க” என்று சொன்னார். பவானி பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு பஞ்சர் கடை இருந்தது எனக்குத் தெரியாது. இதை என் தவறு என்று சொல்பவர்கள் சொல்லலாம்.

செய்தியைக் கேட்ட ரியாஸ் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவனப் பதினாலு வருசம் பாக்காமயே உட்டுப்போட்டனே காளி” என்று குழந்தை மாதிரி அழுதார். சின்னான் பக்கத்து ஆட்கள் வந்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். பதினான்கு வருடப் பகை பத்து நிமிடத்தில் தீர்ந்தது. பம்ப்செட் பட்டறை முதலாளி ஒருவர், கோப்பையை வருடா வருடம் தானே தருவதாகச் சொன்னார். காந்திபுரம் வரைக்கும் ஃப்ளெக்ஸ் வைத்தோம். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அதைவிட நல்ல நாள் இந்தக் கிளப்புக்கு இருந்ததா?

அவன் வீட்டு வாசலை மிதிக்கத் தனக்கு முகமில்லை என்று ரியாஸ் சொல்லிவிட்டதால், போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, கிளப் சார்பில் நானே துக்கம் விசாரிக்கலாம் என்று ஒரு மாலையை வாங்கிக்கொண்டு பவானிக்குப் போனேன். சின்னான் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான்.

“என்றா காளி, மாலையெல்லாம் வாங்கிட்டு வந்திருக்கற. எனக்காடா?” என்றான்.

“கூடுதுறைச் சாமிக்குடா” என்றேன்.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். லாரியில் போனவர் பக்கத்துக் கடைக்காரர் என்று சொல்லி வருத்தப்பட்டான். பிறகு டியூபைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்:

“ரியாசு இன்னும் எம்மேல கோவமாத்தான் இருக்கானா?”

நான் யோசித்தேன். இல்லை என்று சொன்னால் அவன் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவான். ஃப்ளெக்ஸ் வைத்தாயிற்று. பதினாறு டீம் பெயர் கொடுத்தாயிற்று. செத்தவனுக்காகச் சேர்ந்தவர்கள் உயிரோடு வருகிறவனைப் பார்த்தால் சேர்ந்தே இருப்பார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

“இருக்கான். கொஞ்ச நாள் போவட்டும்” என்றேன்.

நான் சொன்னது அந்த ஒரு பொய்தான். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் அதையே திரும்பச் சொன்னதுதான்.

ஒவ்வொரு வருடமும் போட்டி முடிந்த மறு வாரம் நான் பவானிக்குப் போவேன். அந்த வாரம் வந்துவிட்டால் அவன் கடையை மதியமே சாத்திவிட்டு எனக்காக வீட்டில் காத்திருப்பான் என்று அவன் மகள் செவ்வந்தி சொல்லும். போட்டியைப் பற்றி எல்லாம் கேட்பான். யார் கோல் போட்டார்கள், ரியாஸ் தொப்பை போட்டுவிட்டானா, ஆஃப்சைடுக்கு இன்னும் சண்டை பிடிக்கிறானா. நான் எல்லாம் சொல்வேன். யார் பெயரில் கோப்பை என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்பான். நான் அந்தப் பதிலைச் சொல்வேன். கொரோனா வருடத்தில் போட்டியே நடக்கவில்லை, மௌன அஞ்சலி மட்டும் வீடியோ காலில் நடந்தது. அந்த வருடம்கூட இ-பாஸ் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்களில் எத்தனை பேர் ஒரு நண்பனுக்காக அவ்வளவு மெனக்கெட்டிருப்பீர்கள்?

ஒரே ஒரு தடவை கஷ்டமாகிவிட்டது. 2015 ஃபைனல் அன்று மதியம் போன் வந்தது. “காளி, காந்திபுரத்துல இருக்கறன்டா. வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போயிடறன். வாரேன்” என்றான். நான் ஸ்கூட்டரில் பறந்தேன். அவன் நின்ற இடத்துக்கு நேர் எதிரே அவனுடைய ஃப்ளெக்ஸ், மாலையோடு. படத்தில் இருந்தவனுக்கு முடி நிறைய இருந்தது, ஆளுக்கு இல்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு மெஸ்ஸில் ஃப்ளெக்ஸுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். “நீ வந்தா மேட்ச நிறுத்திப்போடுவேன்னு ரியாசு சொல்லீட்டான்டா” என்றேன். பாதி பிரியாணியோடு கையைக் கழுவிவிட்டான். பஸ் ஏற்றிவிட்டு, பரிசளிப்புக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் ரியாஸ் மைக்கில், “சின்னா, நீ எங்க இருந்தாலும் நாங்க வெளையாடறதப் பாத்துட்டுத்தான் இருப்ப” என்று பேசினார். பெண்கள்கூட அழுதார்கள். சின்னான் அப்போது அவினாசி தாண்டியிருப்பான்.

இந்த வருடம் அவனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பதினெட்டாம் ஆண்டுப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. அந்த நேரத்திலும் நான் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“காளி, ஒரே ஒரு தடவ ரியாசக் கூட்டியாடா. மன்னிக்கோணும்னு இல்ல. வந்து நேர்ல திட்டீட்டுப் போனாக்கூடப் போதும்” என்றான்.

சரி என்றுவிட்டு வந்தேன். மைதானத்தில் ரியாஸ் முட்டி வலியோடு குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவரிடம் நடந்துகூடப் போனேன். அவர் நிமிர்ந்து, “கோடு நேரா இருக்குதா காளி?” என்றார். நேராக இருந்தது. நேராக இருக்கிறது என்று சொன்னேன்.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். காரியத்துக்கு அப்பனின் பழைய படம் தேடிய செவ்வந்திக்கு யாரோ வாட்ஸப்பில் நம் நோட்டீசை அனுப்பியிருக்கிறார்கள். போட்டி முடிந்த எட்டாம் நாள் செவ்வந்தி மைதானத்துக்கு வந்து, போனை ரியாஸின் கையில் கொடுத்தது. பிறகு என் பக்கம் திரும்பியது.

“ஏனுங்க மாமா, எங்கய்யன் உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?”

அதற்கான பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். அம்மணி, உங்கப்பன் எனக்கு ஒன்றும் பண்ணவில்லை. நல்லவன். இத்தனை வருடத்தில் என் வருகைக்காகக் கடையைச் சாத்திவிட்டுக் காத்திருந்தவன் அவன் ஒருவன்தான். இங்கே ரியாஸும் நான் இல்லாமல் ஒரு காரியம் செய்ய மாட்டார். நேரில் பார்த்துக்கொண்டால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்திருப்பார்கள். பந்து வேலி தாண்டிப் போனால்தான் என் ஞாபகம் வந்திருக்கும். ஆனால் நான் இதற்காகச் செய்யவில்லை. கிளப்புக்காகச் செய்தேன்.

ரியாஸ் அன்றிலிருந்து யாரோடும் பேசவில்லை என்று கேள்விப்படுகிறேன். காலம் போனால் சரியாகிவிடும்.

விட்டுப்போன ஒன்று இருக்கிறது. செவ்வந்திக்கும் இது தெரியாது, அந்த நேரம் அது மருந்து வாங்கக் கீழே போயிருந்தது. செவ்வாய்க்கிழமை நான் மறுபடியும் ஈரோட்டுக்குப் போனேன். சின்னான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தலையைத் தூக்கிப் பார்த்தான்.

“கேட்டேன்டா. வரமாட்டேன்னுட்டான்” என்றேன்.

“செரி உடு” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கொண்டுபோன சாத்துக்குடியை உரித்து வைத்துவிட்டு வந்தேன். வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை போட்டி நோட்டீசில் போட்டபடி சரியாக நான்கு மணிக்குத் தொடங்கியது, ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. வேறு யாரும் இதைப் பாராட்டி எழுத மாட்டீர்கள் என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.