சோம்பேறியின் குறுக்குக்கோடு

நல்ல வெளிச்சமுள்ள அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள், மேடம். அருங்காட்சியகத்தில் இப்படி ஒரு ஜன்னல் கேட்டு வருடக்கணக்காக நடையாய் நடந்தேன். விசாரணை அதிகாரி என்றால் உடனே கிடைத்துவிடுகிறது. போகட்டும்.

என் வேலை பழைய ரோமானியக் காசுகளின் எழுத்துகளைப் பார்ப்பது. ராஜாவின் முகத்தை ஊரே பார்க்கும்; நான் முகத்தைச் சுற்றி ஓடும் எழுத்தைப் பார்ப்பேன். அந்தக் காலத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து அச்சில் எழுத்தைச் செதுக்குவார், அந்த அச்சால் அடித்தால் காசு. ஆளுக்கு ஆள் கை வேறு. ஒருவர் S எழுத்தைச் சாய்ப்பார், இன்னொருவர் எல்லா எழுத்துக்கும் காலைத் தடியாக வைப்பார். பெயர் தெரியாவிட்டாலும் கையை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம்.

அப்படி நான் பிடித்தவர்தான் சோம்பேறி. A எழுத்துக்கு நடுவே குறுக்குக்கோடு வேண்டுமல்லவா? இவர் போடமாட்டார். இரண்டு காலை நட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். தடித்த கழுத்துள்ள முகம், கோடில்லாத A, இரண்டும் சேர்ந்து மூன்று காசுகளில் இருந்தன. கட்டுரை எழுதினேன். வெளியூரெல்லாம் கூப்பிட்டு மாலை போடாத குறையாகப் பேசவைத்தார்கள். அவர்மேல் எனக்கு உண்மையாகவே பாசம் வந்துவிட்டது.

பிறகு ஒரு பானை நிறையக் காசுகள் வந்தன. அதே கழுத்து, அதே காது. ஆனால் A-க்கு நடுவே கோடு. நிதானமாக யோசித்தேன். சோம்பேறி கோடு போடமாட்டார். ஆகவே யாரோ ஓர் அதிகப்பிரசங்கி அவருடைய அச்சில் கையை வைத்திருக்க வேண்டும். அதைச் சரிசெய்வது தப்பாகாது.

காசில் எழுத்து மேடாக நிற்கும். புதிதாக ஒன்றைச் சேர்ப்பது கஷ்டம், எடுப்பது சுலபம். பூதக்கண்ணாடியும் எஃகு ஊசியும் போதும். எடுத்த இடம் பளபளக்கும், அதை மங்கவைக்க ஒரு பூச்சு உண்டு. சொல்லித் தந்தது என் கொழுந்தியாள். காசுகளைக் கழுவிச் சுத்தம் செய்யும் பிரிவில் அவளுக்கு வேலை வாங்கித் தந்ததே நான்தான்.

“இது எதுக்கு அத்தான் உங்களுக்கு?”

“சும்மா, தெரிஞ்சு வச்சுக்கலாமேன்னுதான்.”

பானை முழுவதையும் திருத்தினேன். மும்முரத்தில் ஒரு நாள் H எழுத்தின் கோட்டையும் எடுத்துவிட்டேன். அடுத்த கட்டுரையில் அதையும் சேர்த்துக்கொண்டேன்: வயதாக ஆக அவருக்குச் சோம்பல் முற்றுகிறது.

நான் சறுக்கியது ஓர் இடத்தில்தான். ஒரே அச்சில் பிறந்த காசுகள் ஊர் ஊராகப் போயிருக்கும். கையில் இருப்பதை மட்டும் திருத்தினால் போதுமா? இந்தத் தொழிலில் நேற்று வந்தவனுக்கும் தெரிந்த விஷயம் எனக்கு உறைக்கவில்லை. கண்காட்சிக்காக வேறோர் ஊரிலிருந்து ஒரு காசு வந்தது. கொழுந்தியாள் அதை நம்முடையதன் பக்கத்தில் வைத்தாள்.

“அத்தான், இங்க வாங்களேன். ரெண்டும் ஒரே அச்சு. மூக்குக்குக் கீழ அந்த விரிசலப் பாருங்க, அப்படியே இருக்கு. அப்போ நம்ம காசுல மட்டும் கோடு எங்க போச்சு?”

“இரும்மா, இயக்குநர்கிட்ட நானே பேசுறேன்,” என்றேன்.

பேசினேன். கழுவுகிற மருந்து முதலில் மெல்லிய கோடுகளைத்தான் தின்னும் என்று விளக்கினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த வாரமே அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

எங்களோடுதான் இருக்கிறாள்; வீட்டுக்கு வந்து அழுதாள். “நான் அவ்வளவு கவனமாத்தானே செஞ்சேன் அத்தான்?”

“கவனமா செஞ்சாலும் சில நேரம் அப்படி ஆயிடும்மா,” என்று என் கைக்குட்டையைக் கொடுத்தேன். இப்போது அவளே அதை நம்பிவிட்டாள். வீட்டில் பாத்திரம் கழுவக்கூடப் பயப்படுகிறாள், தேய்ந்துவிடுமாம். என் மனைவிதான் கழுவுகிறாள்.

அவளுக்காக மனம் இளகி நான் இங்கே வந்ததாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. எழுதுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் வந்தது வேறு காரணத்துக்காக. போன மாதம் ஒரு பேராசிரியர் எழுதிவிட்டார்: கோடுகளெல்லாம் கழுவியதில் போனவை, சோம்பேறி என்று ஒருவர் இருந்ததே இல்லை. படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பாவம், செத்து இத்தனை நூற்றாண்டு ஆன மனிதரை இப்படி இல்லாமல் ஆக்கலாமா?

அதனால் ஒத்துக்கொள்கிறேன். பானைக் காசுகளின் கோடுகளை எடுத்தது என் ஊசி. கொழுந்தியாளின் மருந்து எதையும் தின்னவில்லை. அவளுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முதல் மூன்று காசுகள் வேறு. அவற்றைப் பானையோடு சேர்க்காதீர்கள். அவை சோம்பேறியின் சொந்தக் கை என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போடுங்கள்.

அவற்றை நான் திருத்தவே இல்லை, மேடம். மூன்றிலும் A-க்கு நடுவே, ஒரே இடத்தில், கொஞ்சம் அழுக்குப் படிந்திருந்தது. அதை மட்டும் ஊசியால் எடுத்தேன். நல்ல கெட்டியான அழுக்கு.