சம்பளச் சான்று ஜன்னலில் முப்பத்து மூன்று ஆண்டுகள்

இராஜபாளையம் மருத்துவத் துணி ஆலையின் கணக்குப் பிரிவிலிருந்து இன்று பணி நிறைவு பெறும் திருமதி அமிர்தவல்லி அவர்களுக்கு, உடன் பணியாற்றுவோர் வாசித்தளிக்கும் மடல்.

அன்பும் அளவும் அறிந்த அம்மையாரே!

கூட்டலில் பிழை காணாத கையினரே! கோபத்திலும் குரல் உயராத குணத்தினரே! கடன் என்னும் கடலில் கரை காட்டிய கலங்கரை விளக்கே!

இப்படித்தான் இந்த மடலை முதலில் எழுதியிருந்தோம். பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர் பால்ச்சாமி அண்ணன் அதை உங்களிடம் வாசித்துக் காட்டினார். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள்.

"என்ன பால்ச்சாமி, செத்துப்போனவளுக்கு எழுதின மாதிரி இருக்கு? என் சத்தம் வாசல் கேட் வரைக்கும் கேக்கும்னு வாட்ச்மேனுக்கே தெரியும். மாரிச்செல்வி விசயம் எங்க?"

"அது எதுக்கும்மா மேடையில? ஃப்ரேம் போட்டு வீட்டுல மாட்டப் போறிய. நல்லதா நாலு வார்த்தை இருக்கட்டும்."

"வீட்டுல மாட்ட மாட்டேன். இங்க ஆபீஸ் செவத்துல மாட்டுங்க. நாளைக்குக் கடன் வாங்கப் போற புள்ளைக படிக்கட்டும். நான் செஞ்ச தப்பு அதுல இல்லைன்னா நான் வாங்கவும் மாட்டேன், மேடைக்கு வரவும் மாட்டேன்."

ஆகவே திருத்தி எழுதினோம். உங்கள் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு எழுதப்பட்ட இந்த மடலில் குறையிருந்தால் அது எங்களுடையது.

கண்டிப்பும் கனிவும் கலந்த அம்மையாரே!

இருபத்தேழு வயதில் இந்த ஆலைக்கு வந்தீர்கள். பேரேட்டில் மையால் எழுதிய காலம் போய்க் கணினி வந்தது. கணினியும் மூன்று முறை மாறியது. நீங்கள் அமர்ந்த இடம் மாறவில்லை. வண்டிக்கோ வீட்டுக்கோ திருமணத்துக்கோ கடன் வாங்க நினைக்கும் எவரும் சம்பளச் சான்றுக்காக உங்கள் ஜன்னலுக்குத்தான் வந்தாக வேண்டும். சான்றைக் கொடுப்பதற்குமுன் மூன்று கேள்விகள் கேட்பீர்கள். எதுக்கு? மாசம் எம்புட்டு? சம்பளம் வராத மாசம் என்ன செய்வ? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்பிப் போனவர்கள் எங்களில் பலர். அன்று உங்களைத் திட்டிக்கொண்டே போனோம். பிறகு வேறு யாரையும் திட்டும் நிலை வரவில்லை.

சனிக்கிழமைகளில் சாப்பாட்டு வேளை முடிந்ததும் அரை மணி நேரம் எங்கள் கைபேசிகளை வாங்கி, எங்கள் பெயரில் என்ன கடன் இருக்கிறது, கடன் கொடுக்குமுன் வங்கிகள் பார்க்கும் சிபில் ஸ்கோர் எவ்வளவு என்று எங்களுக்கே எடுத்துக் காட்டினீர்கள். ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதுகூட எங்களில் ஒருவரை மறித்து, "தவணை கட்டியாச்சா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாம் தேதி தவணை என்றால் மூன்றாம் தேதியே கணக்கில் பணம் இருக்க வேண்டும் என்றும், கிரெடிட் கார்டில் எவ்வளவு தேய்க்கலாம் என்றிருக்கிறதோ அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும், ஒரே மாதத்தில் நான்கு இடத்தில் கடன் கேட்டு நின்றால் ஐந்தாவது ஆள் நம்மைச் சந்தேகப்படுவான் என்றும், அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது அந்தக் கடனை நாமே வாங்குவதுதான் என்றும் சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. இந்த ஆலையில் பதினாறு பேர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அந்தப் பதினாறு வீட்டுக் கடனும் உங்கள் சனிக்கிழமைகளில் விளைந்தவை.

ஆனால் சனிக்கிழமை வழக்கம் தொடங்கியது நான்கு வருடங்களுக்கு முன்புதான். அது எதனால் தொடங்கியது என்பதைத்தான் எழுதச் சொன்னீர்கள். அதை மாரிச்செல்வியின் பக்கம் நின்றுதான் சொல்ல முடியும்.

மாரிச்செல்வி துணி மடிப்புப் பிரிவில் வேலை செய்கிறாள். கணவர் வல்லரசு லோடு ஆட்டோ ஓட்டினார். வண்டிக் கடன் மாரிச்செல்வியின் பெயரில். ஊரடங்கில் வண்டி ஓடவில்லை, தவணையும் ஓடவில்லை. நிதி நிறுவனத்தார் வண்டியை எடுத்துப்போய் விற்ற பிறகும் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் பாக்கி நின்றது. பாக்கி கேட்டு ஆள் வீட்டுக்கு வந்தான். பிறகு ஆலை வாசலுக்கு வந்தான். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் நடக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது.

மாரிச்செல்வி அதுவரை கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. உங்களைத்தான் துணைக்குக் கூப்பிட்டாள். நீங்கள் அரை நாள் விடுப்புப் போட்டுப் போனீர்கள். நிதி நிறுவனத்துப் பையன் சிரித்த முகத்தோடு பேசினான். ஐம்பத்தைந்தாயிரம் கட்டினால் போதும், மீதியைத் தள்ளிவிடுகிறோம், இனி யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள் என்றான். மாரிச்செல்வி உங்கள் முகத்தைப் பார்த்தாள்.

"போடு புள்ள கையெழுத்த. பாதிக்கு மேல லாபம்" என்றீர்கள்.

போட்டாள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நீங்கள் இரண்டு பேரும் பால்கோவா வாங்கிச் சாப்பிட்டீர்கள். மாரிச்செல்வி வீட்டுக்குக் கால் கிலோ கட்டி வாங்கினாள். அவளுக்கு அன்று அது கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பியது போல இருந்ததாம்.

அடுத்த ஜூனில் அவள் மகள் மாரிக்கனிக்கு மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. பிளஸ் டூவில் உயிரியலில் தொண்ணூற்றேழு வாங்கிய பெண். கல்விக் கடனுக்கு அம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். வங்கியில் மாரிச்செல்வியின் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள். ஸ்கோர் ஐந்நூற்று நாற்பத்தெட்டு. எழுநூறாவது இருந்தால்தான் கடன் என்றார்கள். வண்டிக் கடனுக்கு நேராக 'செட்டில்டு' என்று இருந்தது. பேசிக் குறைத்து முடித்த கடன் என்று பொருள். நமக்கு லாபமாகத் தெரிந்த அறுபத்து மூவாயிரம், வங்கியின் கண்ணுக்கு இவள் கொடுக்காமல் விட்ட அறுபத்து மூவாயிரம். முழுதாகக் கட்டி முடித்தால் 'குளோஸ்டு' என்று வரும். அந்த வித்தியாசம் மாரிச்செல்விக்குத் தெரியாது. முப்பது வருடம் கணக்கெழுதிய உங்களுக்கும் அன்று தெரியாது.

மாரிச்செல்வி உங்களைத் திட்டவில்லை. ஜன்னலுக்கு வந்து, "நீங்க சொன்னியன்னுதானக்கா போட்டேன்" என்றாள். அவ்வளவுதான். வேலைக்கு மணியடித்தது, போய்விட்டாள்.

கல்லூரி கொடுத்த கெடு முடிந்தது. அந்த இடத்துக்கு வேறொரு பெண் போனாள். ஆகஸ்டில் மாரிக்கனி நம் பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் துணிக்கட்டுகளில் சீல் ஒட்டும் வேலை. அவள் சேர்ந்த நாளில் நீங்கள் மதியம் சாப்பிடவில்லை என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் முதல் முறையாக எங்கள் கைபேசிகளைக் கேட்டீர்கள்.

தளராத உழைப்பின் தலைமகளே!

தள்ளுபடியான அறுபத்து மூவாயிரத்தையும் கட்டினால் பதிவை மாற்றலாம் என்று விசாரித்து அறிந்தீர்கள். முப்பதாயிரம் நான் போடுறேன் என்றீர்கள். மாரிச்செல்வி வேண்டாம் என்றாள். "தானம் இல்லட்டி, அபராதம்" என்றீர்கள். அவள் மாதம் ஆயிரத்து ஐந்நூறு வீதம் அஞ்சலகத்தில் சேர்த்தாள். பணம் சேர்ந்து கட்டப் போனால், நிதி நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து பெயரே மாறியிருந்தது. பழைய கோப்பு கிடைக்கவில்லை என்றார்கள். பதிவுத் தபால் பதினொன்று அனுப்பினீர்கள். ஒருவழியாகப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள், நிலுவை இல்லை என்ற கடிதத்தைத் தரவில்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதினீர்கள். இடையில் ஸ்கோர் ஏறுவதற்காக மாரிச்செல்வியை ஐயாயிரம் ரூபாய் வைப்பாக வைத்து ஒரு கார்டு வாங்கச் செய்தீர்கள். மாதம் ஒரு கேஸ் சிலிண்டர் மட்டும் அதில் வாங்கி, பில் வந்த அன்றே கட்டுவாள். சனிக்கிழமைதோறும் அவள் எண்ணைப் பார்த்துச் சொல்வீர்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு. அறுநூற்று எண்பது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அவளுக்கு அந்த எண்களில் எல்லாம் ஆசை இல்லை. மகள் பேக்கிங் பிரிவைவிட்டு எழுந்து போக வேண்டும், அதுதான்.

இந்த ஏப்ரலில் 'குளோஸ்டு' என்று வந்தது. எழுநூற்று முப்பத்தொன்று. மாரிக்கனிக்கு இப்போது இருபத்தொரு வயது. கல்லூரியில் இன்னும் சேரலாம் என்றார்கள். போன மாதம் மூவருமாக ஸ்ரீவில்லிபுத்தூர் வங்கிக்குப் போனீர்கள்.

அதிகாரி ஒரு இளைஞர், நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். "அம்மாவோடது சரியா இருக்கு" என்றார். அடுத்து மகளின் பெயரைத் தட்டினார். "பொண்ணு பேர்ல ஒரு லோன் நிக்குதே. கட்டாம விட்டிருக்காங்க. இத வச்சு நான் மேல அனுப்ப முடியாது."

மாரிச்செல்வி, "அவளுக்கு ஏது சார் கடன்? அவ ஒரு கடனும் வாங்கினதில்ல" என்றாள். அதிகாரி திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மாரிக்கனி திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபோதுதான் மாரிச்செல்விக்குப் புரிந்தது.

அறுபத்து மூவாயிரம் கட்ட வேண்டிய நாளில் ஆறாயிரம் குறைந்திருக்கிறது. ஓவர்டைம் காசு என்று சொல்லி மாரிக்கனி கொண்டுவந்து தந்தாள். அது கைபேசிச் செயலி ஒன்றில் வாங்கிய கடன். நாலாயிரத்து ஐந்நூறு திருப்பிக் கட்டியிருக்கிறாள். வட்டி, அபராதம் என்று மேலும் கேட்டிருக்கிறார்கள். அவள் படத்தைக் கண்டபடி மாற்றி அவள் தோழிகளுக்கு அனுப்புவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். பயந்துபோய் சிம்மைக் கழற்றி வாறுகால் சாக்கடையில் போட்டுவிட்டாள். சிம் போனால் கடன் போய்விடும் என்று நினைத்திருக்கிறாள். இப்போது பதினாலாயிரமாக நிற்கிறது.

மாரிச்செல்வி மகளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று பிறகு எங்களிடம் சொன்னாள். இராஜபாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினீர்கள். பாதி வழியில் நீங்கள்தான் கேட்டீர்கள்.

"எங்கிட்ட ஏன்ட்டி கேக்கல?"

"நீங்க முப்பதாயிரம் போட்டிருந்திய பெரியம்மா. இன்னும் கேக்க வாய் வரல. அன்னைக்குக் கட்டலைன்னா அம்மா பேரு சரியாகாதுன்னு சொன்னிய."

"எல்லாருட்டயும் கேப்பேன், இந்தக் காசு எங்கேருந்து வந்துச்சுன்னு. அன்னைக்கு ஒன்ட்ட கேக்கல. ஒம் பேரத் தட்டிப் பாக்கணும்னும் தோணல."

மாரிச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "விடுங்கக்கா. எங்க ராசி அப்படி" என்றாள். நீங்கள் விடவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டீர்கள். பாக்கியை முழுதாகக் கட்ட நாலு மாதம். பதிவு மாற இரண்டு மாதம். அதன் பிறகு ஒழுங்காக ஒன்றரை வருடம். "ரெண்டு வருசம். அம்புட்டுத்தான்" என்றீர்கள்.

"அப்ப எனக்கு இருபத்து மூணு பெரியம்மா" என்று மாரிக்கனி சொன்னாள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பணி நிறைவு பெறும் பண்பாளரே!

நாளை முதல் சம்பளச் சான்று தலைமை அலுவலகத்திலிருந்து கைபேசிக்கே வந்துவிடும் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறார்கள். கேள்வி எதுவும் கேட்காமல் வரும். ஓய்வு பெற்றவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே வர முடியாது என்பதும் விதி. ஆகவே மாரிக்கனியும் மாரிச்செல்வியும் இனி சனிக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். வருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வருவார்களா என்று எங்களுக்குத் தெரியாது.

பாராட்ட வந்த இடத்தில் பாரத்தை இறக்கி வைத்ததற்குப் பொறுத்தருள்க. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். நீங்கள் விடமாட்டீர்கள். நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் என்று எழுதத் தொடங்கியதையும் அடித்துவிட்டோம். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. செல்வம் எங்கே போனது என்பது இதிலேயே எழுதியிருக்கிறது.

எங்களுக்கு ஒரே ஒரு வாழ்த்துதான் தோன்றுகிறது. மாரிக்கனி மறுபடி அந்த வங்கிப் படியேறும் நாள் ஒன்று வந்தால், அவள் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும். அதுவரையிலாவது இருங்கள் அம்மா.

இங்ஙனம்,
கணக்கு, நெசவு, மடிப்பு, பேக்கிங் பிரிவுப் பணியாளர்கள்,
இராஜபாளையம்.