யார் எங்கே

இதைக் கைபேசி பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவரிடம், சென்ற மழைக்காலத்தின் ஒரு பகற்பொழுதில் கேட்டேன். கடைக்கு வந்த பெண்ணொருத்தி பேசியதை, இடையில் தாம் சொன்னவற்றை விட்டுவிட்டு, அவள் குரலிலேயே அவர் சொன்னார். நானும் அவ்வாறே எழுதியிருக்கிறேன்.

*

இல்லண்ணே, கண்ணாடிய மட்டும் மாத்துங்க. உள்ள எதையும் தொடாதீங்க. ஆமா, தெரியும், கம்ப்யூட்டர்ல மாட்டினா ஒரு ஃபைலப் படிக்க முடியலன்னு காட்டும். காட்டட்டுமே. கோளாறுதான், இல்லேங்கல. எங்க வீட்டுக் கோளாறு, இருந்துட்டுப் போகட்டும்.

ஓ, நீங்களும் புரோகிராம் படிச்சவரா? அப்ப சொன்னாப் புரியும். இந்த ஆப் என் தம்பி எழுதினது. யார் எங்கேன்னு பேரு. பழைய போனு, வீட்டுக் கதவுப் பக்கத்துல சுவத்துல மாட்டி வெச்சிருந்தோம். வெளிய போறவங்க தன் பேரைத் தொட்டு, எங்க போறோம், எப்ப வருவோம்னு ஒரு வரி தட்டிட்டுப் போகணும். ஆளுக்கு ஒரு ஆப்ஜெக்ட், பேரும் வரியும் சேந்த ஒரு பொட்டலம் மாதிரி. தட்டினதும் போனுக்குள்ளயே ஒரு ஃபைல்ல சேவ் ஆகும். திரும்பத் திறந்தா அந்த ஃபைலப் படிச்சு, எங்க மூணு பேரையும் மறுபடி ஆளாக்கி வரிசையா நிறுத்தும்.

நானும் அதே பொழப்புதான், வேற ஆபீஸ். அன்னைக்கே சொன்னேன், டேய், முதல்ல வேற பேர்ல ஒரு ஃபைலா எழுதி முடி, அப்புறம் பழசுக்குப் பதிலா வை, இல்லேன்னா பாதியில நின்னா எல்லாம் போச்சுடான்னு. மூணு டிக்கெட்டு இருக்கிற வீட்டுக்கு இது போதும் போக்கான்னான். அவன் வாய்க்கு முன்னாடி நம்ம பாச்சா பலிக்காது.

நான் பயந்த மாதிரியேதான் நடந்துச்சுன்னு வைங்க. கடைசியா அவன் தட்டிட்டு, சார்ஜர உருவி எடுத்துக்கிட்டுப் போயிட்டான். இந்த போன் பேட்டரி சும்மா பேருக்குத்தான், ஒயரு இல்லேன்னா உசுரு இல்ல. எழுதிக்கிட்டிருக்கும்போதே அணைஞ்சிருச்சு. அவன் ரெண்டு தெரு தாண்டியிருப்பான். லாரி. ம்... இல்லண்ணே, பரவாயில்ல. நீங்க வேலையப் பாருங்க.

காரியமெல்லாம் முடிஞ்சு அம்மா வேற சார்ஜர் போட்டு இதைத் திறந்தாங்க. ஃபைல் பாதியில நிக்குதுல்ல, படிக்க முடியல. படிக்க முடியாட்டி வெறுந்திரை காட்டக் கூடாதுன்னு அவன் மாதிரிக்குன்னு ஒரு ஆளை உள்ள எழுதி வெச்சிருந்தான். வேற யாரை வைப்பான்? தன்னையேதான். சாவிய மறந்துட்டுப் போறதுல அவன் பட்டம் வாங்கினவன், அதனால வரியும் அதையே வெச்சான். பேரு தம்பி; வரி, வாசல்ல நிக்கிறேன், கதவைத் திறங்க.

அம்மா எழுந்து போய்த் திறந்தாங்க.

தெரியாம என்ன? உடம்ப அடையாளம் காட்டினதே அவங்கதான். நானும் பக்கத்துல உக்காந்து, இது வெறும் மாதிரிம்மா, ஃபைலப் படிக்க முடியாட்டித் தானா வர்றதும்மான்னு விளக்கிச் சொன்னேன். சரிம்மா, சரிம்மான்னு கேட்டுக்கிட்டாங்க. மறுநாள் திறந்தா அதே வரி. மறுபடி எழுந்து போனாங்க. இப்பவும் தினம் அதான். கதவைத் திறந்துட்டு, ஒரு ஆள் பையோட நுழையற அளவுக்கு ஒதுங்கி நிப்பாங்க. செருப்பைக் கழட்டுற நேரம் வரைக்கும் பொறுத்து, அப்புறம் சாத்துவாங்க. அதுக்கப்புறந்தான் சோறு இறங்குது. எங்க பேரு ரெண்டும் அதுல இல்லவே இல்ல. அவன் ஒருத்தன்தான் வீட்டு ஆளு.

பயமா? எனக்கா? போன வாரம் நான் காலையில பல்லு விளக்கிட்டு நடையில வர்றேன், அம்மா கதவைத் திறக்கிறாங்க. நான் என்னையறியாம சுவரோட ஒட்டி நின்னுட்டேன். வழி விடறேன்! யாருக்குன்னு கேக்காதீங்க.

சரி பண்ணலாமே, யாரு மாட்டேன்னா? ஃபைல வெளிய எடுத்து நானே பாத்துட்டேன். கடைசி அடைப்புக்குறி ஒண்ணுதான் விழாம போயிருக்கு. அதைப் போட்டா கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள எல்லாம் ஒழுங்கா வந்துரும். அம்மா, நான், அவன், அவங்கவங்க வரியோட.

அவன் வரிக்கு ஒண்ணும் ஆகலண்ணே, முழுசா இருக்கு. அன்னைக்கு அம்மாவுக்கும் அவனுக்கும் கொஞ்சம் சத்தம், துணிமணிய அள்ளிக்கிட்டுக் கிளம்பிட்டான். இனிமே இந்தப் படிய மிதிக்க மாட்டேன், அம்மா செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதீங்கன்னு தட்டியிருக்கான்.

கண்ணாடி கறுப்புதான் இருக்கா? கறுப்பே போடுங்க.

*

இக்கதையை வேறு இருவரிடமும் கேட்டிருக்கிறேன். ஒருவர் சொல்வதில், கடைக்காரர் கை சும்மா இராமல் அந்த அடைப்புக்குறியைப் போட்டுவிடுகிறார். அதன் பின் நடந்தது தமக்குத் தெரியாது என்று அவர் நிறுத்திக்கொண்டார். மற்றவர் சொல்வதில் தாய்க்கு மகனின் கடைசி வரி அன்றே தெரியும்: மகன் தட்டும்போது அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தவள் அவள். அவர் சொல்லும் வடிவத்தில் அதை அவள் மகளிடம் சொல்வதே இல்லை.