கால் நீட்டத் திசையில்லை

...வைக்க இடமே இல்லண்ணே, சத்தியமாத்தான் சொல்றேன். எட்டிப் பாருங்க உள்ள. ஃப்ரேம் போடுற கடையா இது? நாலு செவத்துலயும் தலைவர் படம். கதவுக்குப் பின்னாடியும் தலைவர். சாயம் மங்கிப்போச்சுன்னு சனங்க பழசைக் கொண்டாந்து எந்தலையில கட்டிட்டு, புதுசை வாங்கிட்டுப் போயிடுறாங்க. பழசை நான் என்ன பண்ண? கிழிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, தரையில வைக்கக் கூடாது. திருப்பியும் வைக்கக் கூடாதாம்! தலைவர் செவத்தைப் பாத்துக்கிட்டு நின்னா மரியாதைக் குறைவாம். நீங்க உக்காருங்கண்ணே, உங்க படத்துக்குக் கண்ணாடி வெட்டக் கொஞ்சம் நேரமாகும்.

ஆரம்பத்துல என்னமா சந்தோஷப்பட்டோம்! பிக்பாக்கெட்காரனையெல்லாம் வண்டி வண்டியா அள்ளிட்டுப் போனாரு. எங்க கொண்டுபோனாருன்னு யாரு கேட்டா? நம்ம பர்ஸு பத்திரம்னு கை தட்டினோம். அப்புறம் பத்திரிகைக்காரங்களை அள்ளினாரு. நமக்கென்ன, நாம என்ன பேப்பரா படிக்கிறோம்? அதுக்கப்புறம்தான் வீட்டுக்கு வீடு படம் மாட்டணும்னு சட்டம். எங்க வீட்டுக்காரரு துள்ளிக் குதிச்சாரு. "அடியே, வாசல்ல கூட்டத்தைப் பாரு!"ன்னாரு. நல்ல யாவாரம்... மூக்குப் பிடிக்கத் தின்னோம். பொய் சொல்லக் கூடாது.

அந்த மனுஷன் இப்ப ஜெயில்ல இருக்காருண்ணே.

என்ன குத்தம் பண்ணாருன்னு கேளுங்க. தூங்கினாரு! நாங்க படுக்கிறதும் இந்தக் கடைக்குள்ளதான். படம் இருக்கற பக்கம் கால் நீட்டினா குத்தம். கிழக்க நீட்டினா தலைவர். மேற்க நீட்டினா தலைவர், கூடவே அவரு குதிரை. முட்டியை மடக்கிக்கிட்டு மூட்டையாட்டம் உக்காந்தே தூங்குவோம். அசந்து தூங்கறவன் காலுக்குச் சட்டம் தெரியுமா? நீண்டுருச்சு. எதிர்த்த கடை இஸ்திரிக்காரர் ஜன்னல் வழியா பாத்துட்டாரு. போய்ச் சொல்லியும் புட்டாரு.

விடுவேனா? சண்டைக்குப் போனேன். அந்தாளு எங்கையைப் புடிச்சிக்கிட்டுக் கொழந்தையாட்டம் அழுவுறாரு. "பாத்தும் ஏன் சொல்லலன்னு என்னைத் தூக்கிருவாங்கம்மா"ங்கறாரு. அதுவும் நியாயமாத்தானே இருக்கு? அதான் எனக்கு வயித்தெரிச்சல். யாரைத் திட்டறதுன்னே தெரியல! புலிக்குப் பயந்தவன் எம்மேல படுத்துக்கன்னானாம், அந்தக் கதைதான். ஆளாளுக்கு அடுத்தவனை இழுத்து மேல போர்த்திக்கிட்டுக் கெடக்கோம்.

சரின்னு நேரா ஆபீசுக்கே போயி அந்த அதிகாரி கால்ல விழுந்தேன். தங்கமான மனுஷன். டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாரு. "அழாதீங்கம்மா, விட்டுடலாம். நீங்களும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்"னாரு.

என்னண்ணே, எந்திரிக்கிறீங்க? கண்ணாடி இன்னும் வெட்டவே இல்லியே. உக்காருங்க, உக்காருங்க. மத்தவங்கல்லாம் நான் வாயைத் திறந்தாலே காதைப் பொத்திக்கிட்டு ஓடிடுறாங்க. நேத்து ஒரு வாத்தியாரு, "தலைவர் வாழ்க! தலைவர் வாழ்க!"ன்னு கத்திக்கிட்டே ஓடினாரு, ஒத்தைச் செருப்பை வாசல்லயே விட்டுட்டு. நீங்க ஒருத்தர்தான் இவ்வளவு நேரம் பொறுமையா கேட்டீங்க. அந்தக் குதிரையைச் சொன்னப்ப லேசா சிரிச்சீங்க, பாத்தேன்.

இந்தத் தெருவுல வாய்விட்டுப் புலம்ப அனுமதி வாங்கினவ நான் ஒருத்திதாண்ணே. அதிகாரிதான் சொல்லிக்குடுத்தாரு. "வாய்க்கு வந்தபடி புலம்பும்மா. யாரு கேட்டுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்காங்கன்னு பாரு. ஒரு ஆள் போதும், உன் ஆளை விட்டுடறேன்"னாரு.

திட்டுங்க என்னை. பாவின்னு சொல்லுங்க, சண்டாளின்னு சொல்லுங்க, வாங்கிக்கிறேன். எனக்கு அவரு வேணும். ராத்திரி பூரா இருமுவாருண்ணே, அங்க யாரு எந்திரிச்சு தண்ணி குடுப்பா?

நீங்க தப்பா ஒரு வார்த்தை பேசல... ஒத்துக்கறேன். ஆனா, மறுத்தும் ஒரு வார்த்தை பேசலியே!

கதவைத் தள்ளாதீங்கண்ணே, வெளிய தாழ்ப்பாள் போட்டிருக்கு. இஸ்திரிக்காரர்தான் போட்டாரு, அவரும் என்ன பண்ணுவாரு பாவம். தோ, வேன் சத்தம் கேக்குது. பயப்படாதீங்க, ரொம்ப நாள் வச்சிருக்க மாட்டாங்க. அண்ணி போய் அதிகாரிகிட்ட அழுதாங்கன்னா அவங்களுக்கும் அனுமதி குடுத்துருவாங்க.

அண்ணி நல்லா பேசுவாங்கல்ல?